மாட்டுச்சுனைத் தண்ணீர்

கொடைக்கானல் தாலுகாவின் வரலாற்றையும் பூகோளத்தையும் சொல்லுகிற புத்தகம் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. அதில் ஏரிக்கு எட்டுப் பக்கம். ஏரியைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்களுக்குப் பன்னிரண்டு பக்கம். குறிஞ்சிப் பூவுக்கு நாலு பக்கம், அதுவும் படத்தோடு. எங்கள் ஊருக்கு முக்கால் பக்கம். அந்த முக்கால் பக்கத்தில் ஒரு வரி பொய். அதைச் சொன்னவள் நான்.

எழுதியவர் மேல் தப்பில்லை. கேட்டதை எழுதினார். அவரைப் பற்றியும் நான் ஒரு பொய் சொன்னேன். அது இரண்டாவது பொய். இரண்டையும் நானே எழுதி வைத்துவிட வேண்டும் என்றுதான் இந்த நோட்டை எடுத்தேன். மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்து மெதுவாகத்தான் வரும். அவசரக்காரர்கள் ஏரியைப் பற்றிய எட்டுப் பக்கத்தைப் படித்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். வட்டக்கானல் வரை கார் வரும். அங்கே கார் நிறுத்த இடம் இல்லாமல் சண்டை போட்டுக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சண்டையைத் தாண்டி, வெள்ளகவிக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதையைப் பிடித்து, கொஞ்ச தூரத்தில் அதை விட்டுவிட்டு வலது கைப்பக்கம் பிரிந்தால் எங்கள் ஊர். முப்பது வீடு இருக்கும். மேலே பீன்ஸும் உருளைக்கிழங்கும், கீழே காபியும் பேரிக்காயும். வெயில் நாளில் பெரியகுளத்துக் கண்மாய்கள் கண்ணுக்கு நேர் கீழே கண்ணாடித் துண்டுகளாகக் கிடக்கும். பத்து மணிக்கெல்லாம் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து அதையும் மூடிவிடும்.

நான் பிறந்தபோது நாங்கள் மதுரை ஜில்லா. பிறகு திண்டுக்கல் ஜில்லா என்றார்கள். கீழே தெரிகிற பெரியகுளம் தேனி ஜில்லாவாம். அரை நாள் நடந்தால் பெரியகுளம் போய்விடுவேன், முழங்கால் நன்றாக இருந்த காலத்தில். ஆனால் எங்கள் கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் மலை ஏறி, பஸ் பிடித்து, மலையைச் சுற்றி இறங்கித் திண்டுக்கல் போக வேண்டும். நாங்கள் ஓர் அடி நகரவில்லை. ஜில்லாதான் எங்களை விட்டு நகர்ந்துகொண்டே போனது.

எங்கள் முன்னோர் கீழ்நாட்டுக்காரர்கள். ஏதோ ஒரு படை வந்து ஊர்களைக் கொளுத்தியதாம். தலைச்சுமையோடும் மாடுகளோடும் மலை ஏறினார்களாம். படை என்றால் அதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் உள்ள இடத்தில் படை தங்கும். தங்கிவிட்டால் அந்த ஊர் தொலைந்தது. அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் வந்தது. வெளியாள் வந்தால் சோறு போடலாம், கம்பளி கொடுக்கலாம், வழிகாட்டக் கூடவே போகலாம். ஊற்றை மட்டும் காட்டக் கூடாது. தண்ணீர் எங்கே என்று கேட்டால் மாட்டுச்சுனையைக் காட்ட வேண்டும்.

மாட்டுச்சுனை ஊருக்கு மேற்கே, பாறைக்கு அடியில் இருக்கிறது. பெயரே சொல்கிறதே, மாடு குடிக்கிற இடம். சுற்றிலும் சாணியும் குளம்புக் குழியும். தண்ணீரில் தேநீர் போல ஒரு நிறம் இருக்கும், இலை ஊறின வாசனை அடிக்கும். கையை விட்டால் அட்டை ஏறும்.

எங்கள் தண்ணீர் அதுவல்ல. எங்கள் தண்ணீர் மேலூற்று. இனி மறைக்க ஒன்றும் இல்லை, ஆகவே எழுதுகிறேன். ஊருக்குக் கிழக்கே சரிவில் ஏறினால் ஒரு துண்டுச் சோலைக்காடு. அதற்குள்ளே நாவல் மர வேருக்கும் ஒரு சாய்ந்த கல்லுக்கும் நடுவே மூன்று ஊற்றுக்கண். மூன்றிலும் சித்திரை, வைகாசியிலும் தண்ணீர் வற்றாது. சர்க்கார் சீகை மரமும் தைல மரமும் நட்டு, அவை உறிஞ்சிப் பக்கத்து ஓடைகள் எல்லாம் இளைத்துப்போன பிறகும் இது இளைக்கவில்லை. பங்குனியில் ஒரு நாள் பெண்கள் மட்டும் போவோம். கூட்டம் கூட்டமாகச் செருப்பில்லாமல் ஏறி, கண்ணில் விழுந்த சருகையும் மண்ணையும் கையாலேயே அள்ளுவோம். அள்ளி முடிகிற வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஊரிலேயே வாய் நீளமான நாலைந்து பேருக்கு அந்த ஒரு நாள் பெரிய தண்டனை.

வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்குக்கூட முதல் பிள்ளை பிறந்த பிறகுதான் மேலூற்றைக் காட்டுவார்கள். அதுவரை அவளும் பாதி வெளியாள். நான் வந்த புதிதில் வீட்டுக் குடம் எப்படி நிறைகிறது என்று கேட்கக் கூடாது. கண் இருப்பவளுக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்துகொண்டே தெரியாதவளாக இரண்டு வருஷம் இருந்தேன். அதிலேயே எனக்குப் பொய் பழகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

நாய்களோடும் துப்பாக்கியோடும் ஒரு துரை வந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் எங்கே என்று கேட்டிருக்கிறார். மாட்டுச்சுனையைக் காட்டியிருக்கிறார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாராம். மேலூற்றைக் காட்டியிருந்தால் அதற்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு பங்களா இருந்திருக்கும். நிலம் அளக்க வந்தவர்களுக்கும் மாட்டுச்சுனைதான். ஆகவே சர்க்கார் படத்தில் மேலூற்று இருக்கிற சரிவு வெறும் சரிவு. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் பாகம் பிரித்தபோது அந்தச் சரிவு தம்பிக்குப் போனது. ஊற்று ஊருக்கு என்று ஊர் முழுக்க நிற்கும்போது வாயால் சொன்னார்கள். பத்திரத்தில் எழுதவில்லை. பத்திரத்தை வெளியாளும் படிப்பானே!

வாத்தியார் வந்தது ஒரு தை மாதக் காலை. கீழே ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். குல்லாயும் மப்ளரும் போட்டுக்கொண்டு, கையில் தடித்த நோட்டோடு, ஊர் எல்லையிலேயே நின்றார்.

"செருப்பைக் கழட்டணுமாங்கம்மா?" என்று கேட்டார்.

"அது வெள்ளகவியிலங்க. இங்க கழட்டுனா முள்ளுதான் குத்தும். வாங்க" என்றேன்.

அப்படி மரியாதையாகக் கேட்ட வெளியாளை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. தாலுகாவைப் பற்றிப் புத்தகம் எழுதுவதாகவும் ஊர் ஊராகப் போய்க் கேட்பதாகவும் சொன்னார். ஆண்கள் எல்லாரும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற பீன்ஸ் மூட்டைகளோடு மேலே போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் காலமாகி அப்போது நாலு வருஷம். ஊரில் சொல்லத் தெரிந்தவள் நான்தான் இருந்தேன். இல்லாவிட்டாலும் நான்தான் சொல்லியிருப்பேன்.

மூன்று நாள் வந்தார். எந்தக் காற்று எந்தக் கணவாயில் நுழைகிறது, காட்டுமாடு எந்த வழியாக இறங்குகிறது, எந்தப் பாறைக்கு என்ன பெயர், எங்கே ஆரஞ்சு மரங்கள் நோய் வந்து பட்டுப்போயின, எல்லாம் சொன்னேன். படை வந்த கதைக்கு இரண்டு மூன்று ராஜாக்களின் பெயரைச் சொல்லி, இவனா அவனா என்றார்.

"தொரத்துனவன் பேரைக் கேட்டுக்கிட்டா சார் ஓடுவாங்க?" என்றேன்.

சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார். என் வாயிலிருந்து வருவதை ஒரு படித்த மனிதர் தலை குனிந்து எழுதுவதைப் பார்க்க எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்கப் போவதில்லை. குளிர் தெரியவில்லை. அடுப்பில் சோறு தீய்ந்த வாசனைகூட எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் கடைசியில் கேட்டார்: "ஊருக்குக் குடிதண்ணி எங்கேருந்துங்கம்மா வருது?"

என் கை மேற்கே நீண்டது. நான் யோசித்து நீட்டவில்லை. அது தானாகவே போயிற்று. அதுவரை சொன்னதெல்லாம் சத்தியம்.

பார்க்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். சாணியை மிதிக்காமல் கல் கல்லாகத் தாண்டிப் போய்க் குனிந்தார். படம் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். குடித்துவிட்டு மப்ளரால் வாயைத் துடைத்தார்.

"நல்லா இருக்குங்கம்மா."

வேண்டாங்க என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து எழுதியதை முழுக்க எனக்கு வாசித்துக் காட்டினார். சரி என்றால் ஓர் அடையாளம் வைக்கச் சொல்லி மைப்பெட்டியை எடுத்தார். எனக்குச் சுருக்கென்றது.

"பேனாவைக் குடுங்க சார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

என் பெயரையும், அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் முதலெழுத்தையும், புள்ளியைக்கூட மறக்காமல் எழுதினேன். அவ்வளவு நல்ல கையெழுத்தை நான் அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை.

புத்தகம் வந்ததும் அதை அவரே நடந்து வந்து கொடுத்துவிட்டுப் போனார். பின்பக்கத்தில், தகவல் சொன்னவர்கள் என்ற தலைப்பில் என் பெயர் அச்சில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். என் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஊர் மக்கள் மேற்குப் பாறை அடியில் உள்ள சுனை நீரையே காலங்காலமாகப் பருகி வருகின்றனர் என்ற வரி வந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏக்கா, ஊரையே மாடாக்கிப்புட்டியே!"

"ஒன்னைய மட்டும் இல்லடி, என்னையும் சேத்துத்தான்."

"அந்தாளு நம்பிட்டாரா?"

"குடிச்சே பாத்தாரு."

சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு ஊரே என்னை மெச்சியது. பெரியவர்கள் வந்து, நல்ல வேளை, நீ இருந்தாய் என்றார்கள். ஒருத்தர்கூட, ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்கவில்லை. அதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

பிறகு வட்டக்கானலில் இடம் போதாமல் விடுதிக்காரர்கள் எங்கள் பக்கம் இறங்க ஆரம்பித்தார்கள். ஜீப் வருகிற மாதிரி பாதையை அகலப்படுத்தினார்கள். கொழுந்தனும் காலமாகிவிட்டார். அவர் மகன் கிழக்குச் சரிவை ஒரு கீழ்நாட்டுக்காரருக்கு விற்றுவிட்டான். என் கையில் வளர்ந்த பிள்ளை. பேறுகாலத்துக்குப் பிறகு ஓரகத்தி படுத்துக் கிடந்தபோது நாலு மாதம் நான் பால் புகட்டியவன்.

ஒரு நாள் வெள்ளனே குடத்தோடு ஏழெட்டுப் பேர் ஏறிப் போனோம். சோலைக்காட்டைச் சுற்றி முள்கம்பி. பாதையில் இரும்புக் கதவு, அதில் பூட்டு. உள்ளே மரவீடுகள் கட்ட ஆள் வந்து கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காவல்காரன் கதவைத் திறக்க மாட்டேன் என்றான்.

திரும்பி வந்து கொழுந்தன் மகனைப் பிடித்தேன்.

"ஏலே, ஊத்தையுமாடா வித்துப்புட்ட?"

"பெரியம்மா, நான் வித்தது என் பாகம். பட்டாவைப் பாருங்க. ஊத்துன்னு எங்க போட்டிருக்கு?"

"ஒங்கப்பன் ஊரு முன்னால சொன்னாருடா."

"சொன்னது எந்த சர்வே நம்பர்ல வருதாம்?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பீன்ஸ் போட்டுப் போட்டு எனக்கு என்ன மிஞ்சுச்சு, சொல்லுங்க. ஒங்களுக்கெல்லாம் தண்ணி பெருசு. எனக்குப் பொழப்பு இல்லையா?" என்றான்.

ஓரகத்தி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மனு எழுதினோம். கொடைக்கானல் தாலுகா ஆபீஸில் விசாரணை என்று தகவல் வந்தது. ஊரே ஜீப்பில் அடைத்துக்கொண்டு போனது. வாங்கியவர் தரப்பில் ஒரு வக்கீல் வந்திருந்தார். எங்கள் தரப்பில் நாங்கள்தான்.

விசாரித்த அதிகாரி ஒரு பெண். சின்ன வயது. என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அந்த அம்மாள் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு கோபமும் இல்லை. நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு கேட்டார்கள்: "காலங்காலமா இந்த ஊத்துலதான் தண்ணி எடுக்குறீங்கன்னா, அதுக்கு ஏதாவது எழுத்துல இருக்குதுங்களா? பழைய வரைபடம், பஞ்சாயத்துத் தீர்மானம், ஏதாவது ஒண்ணு?"

எங்கள் ஊர் ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுத்தில் வராமல் இருக்க எத்தனை தலைமுறை பாடுபட்டோம்! அந்த எழுத்தைத்தான் இப்போது எங்களிடம் கேட்டார்கள்.

வக்கீல் எழுந்தார். "எழுத்துல இருக்குங்க மேடம்" என்று பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். முக்கால் பக்கத்தையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். காலங்காலமாக என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு பின்பக்கத்தைத் திருப்பி என் பெயரை வாசித்தார். எந்த அச்சைக் காட்டி வீடு வீடாகப் போனேனோ அதே அச்சு.

"இது நீங்கதானேம்மா?" என்று அதிகாரி கேட்டார்கள்.

உண்மையைச் சொல்லலாம் என்று தோன்றியது. ஊர் முழுவதும் பின்னால் நிற்கிறது. கொழுந்தன் மகன் கதவோரம் நிற்கிறான். நான் பொய்க்காரி என்று அவன் முன்னால் நானே சொல்வதா? நாக்கு வேறு பக்கம் போயிற்று.

"பேரு என் பேருதாங்க. ஆனா நான் அப்பிடிச் சொல்லலைங்க. அந்த வாத்தியாரே தானா எழுதிக்கிட்டாரு."

"எழுதுனவரு வந்திருக்காருங்க மேடம்" என்றார் வக்கீல்.

அவர் வந்திருந்ததை நான் பார்க்கவில்லை. பின் வரிசையிலிருந்து எழுந்து வந்தார். இளைத்துப் போயிருந்தார், கையில் தடி. அதே தடித்த நோட்டு. என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. இருந்தும் கும்பிட்டார்.

"அம்மா மறந்திருக்கலாங்க. வயசாச்சு" என்றார் அதிகாரியிடம்.

அதை நான் பிடித்துக்கொண்டிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேர் மானமும் பிழைத்திருக்கும். எனக்கு மறதி என்று யாரும் சொன்னதில்லை. அந்த வார்த்தை உள்ளே போய்க் குத்தியது.

"எனக்கு ஒண்ணும் மறக்கலைங்க" என்றேன்.

நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார்கள். கீழே என் கையெழுத்து. முதலெழுத்து, புள்ளி, பெயர். ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று.

"இது உங்க கையெழுத்துங்களா?"

"என்னுதுதாங்க."

"அப்ப, நீங்க சொன்னதுதான் எழுதியிருக்காரு."

"ஆமாங்க. நான் சொன்னதுதான். ஆனா அது பொய்ங்க. மேலூத்துதான் எங்க தண்ணி. வெளியாளுக்குக் காட்டக் கூடாதுன்னு எங்க ஊருல ஒரு மொறை இருக்கு. அதனால மாட்டுச்சுனையக் காட்டுனேன்."

வக்கீல் கத்தவில்லை. சிரித்த முகத்தோடுதான் கேட்டார்.

"புத்தகக்காரருகிட்ட ஒண்ணு சொன்னீங்க. இப்ப வந்து, நான் சொல்லவே இல்லைன்னீங்க. அடுத்து, சொன்னேன், ஆனா பொய்யின்னீங்க. மூணுல எதைம்மா நாங்க எடுத்துக்கிறது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். எங்கள் ஊர் ஆள்தான். சிரிப்பு எனக்கு அடையாளம் தெரியும். பெயர் எழுத மாட்டேன்.

 வாத்தியாரைப் பேசச் சொன்னபோது, "இந்த அம்மா சொன்ன மத்ததெல்லாம் நான் சரிபாத்தேங்க. எல்லாம் சரியா இருந்துச்சு" என்றார். அவர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். மற்றதெல்லாம் சரி என்றால் இதுவும் சரிதானே என்று அங்கே இருந்தவர்களுக்குத் தோன்றும் என்று அவருக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து பஸ் நிற்கிற இடத்துக்குப் போகிற வழியில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவரே கேட்டார்:

"அன்னைக்கு நான் குடிச்சது மாட்டுத் தண்ணியாங்கம்மா?"

"ஆமாங்க."

கொஞ்ச நேரம் தடியால் தரையில் கோடு போட்டார்.

"என்கிட்ட இதை எழுதாதீங்கன்னு சொல்லியிருந்தா நான் எழுதியிருக்க மாட்டேனே" என்றார்.

பஸ் வந்தது. ஏறக் கை கொடுத்தேன். நன்றி என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

உத்தரவு ஒரு மாதத்தில் வந்தது. ஊற்று பட்டா நிலத்துக்குள் இருக்கிறது. ஊர் அதைப் பயன்படுத்தி வந்ததற்கு ஆதாரம் இல்லை. ஊரின் குடிதண்ணீர் மேற்குச் சுனை என்பதற்கு அச்சில் ஆதாரம் இருக்கிறது. மேற்கொண்டு போக வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போகலாம். கோர்ட்டுக்கு யார் போவது? பீன்ஸ் பறிக்கிற சமயம் அது.

வாங்கியவர் கெட்டவர் என்று சொல்ல முடியவில்லை. அதுவும் ஒரு வயிற்றெரிச்சல். கம்பிவேலிக்கு வெளியே ஒரு குழாய் போட்டுக் கொடுத்தார். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் வரும். ஊர்ப் பெண்கள் அங்கே வரிசையில் குடம் வைக்கிறார்கள். மேலூற்றின் மூன்று கண்ணையும் சேர்த்து ஒரு சிமெண்ட் உறையை இறக்கி மூடி போட்டுவிட்டார்களாம். பங்குனியில் சருகு அள்ள வேண்டியதில்லை. பேசாமல் இருக்க வேண்டியதும் இல்லை. குழாயடியில் இப்போது நல்ல சத்தம்.

நான் குழாயடிக்குப் போவதில்லை.

முதல் நாளே குடத்தை எடுத்துக்கொண்டு மேற்கே போனேன். சுனையைச் சுத்தம் செய்ய இரண்டு வாரம் பிடித்தது. மாடு இறங்காமல் சுற்றிக் கல் அடுக்கினேன், கீழே மாட்டுக்குத் தனியாக ஒரு பள்ளம் தோண்டி வழியவிட்டேன். சாணியை வழித்தேன். சேற்றை அள்ள அள்ள, அடியில் ஒரு வெள்ளைக் கல் தெரிந்தது. தண்ணீரின் நிறம் மட்டும் மாறவில்லை. வாசனையும் போகவில்லை. காய்ச்சினால் கொஞ்சம் பரவாயில்லை.

ஓரகத்தி ஒரு நாள் தேடி வந்துவிட்டாள். விசாரணைக்குப் பிறகு அவளும் நானும் பேசிக்கொள்வதில்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"ஏக்கா, இந்த வயசுல எதுக்கு இந்தச் சோலி? கொழாயில நான் புடிச்சுக் குடுக்குறேன். ஒரு கொடம் தானே."

"வேண்டாம்டி."

"யாரு மேல கோவம்? என் மகன் மேலயா?"

"ஒன் மகன் வித்தான். நான் எழுதிக் குடுத்தேன். எது பெருசுன்னு எனக்கே தெரியல."

"எல்லாரும்தானேக்கா சிரிச்சோம் அன்னைக்கு. நீ மட்டும் ஏன் மாட்டுத் தண்ணியக் குடிச்சுச் சாகணும்?"

"இதுதான் ஊருத் தண்ணின்னு கையெழுத்துப் போட்டவ நான்தானே. நீங்கள்லாம் போடலையே."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஒனக்குக் கொழுப்புக்கா. அந்தக் கொழுப்புதான் ஊத்தை வித்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் பிடித்துக் கொடுக்கிற குடம் எனக்கு வேண்டாம்.

அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சில பேர் வருகிறார்கள். பையை முதுகில் மாட்டிய பையன்களும் பெண்களும். மரவீட்டில் தங்குகிறவர்கள்தான். போன மாசி மாதம் ஒரு பெண் வந்தாள். நான் முகந்துகொண்டிருந்தேன்.

"பாட்டி, புக்குல போட்டிருக்கிற ஸ்பிரிங் இதுதானா? இந்தத் தண்ணியைத்தான் ஊர்ல எல்லாரும் குடிக்கிறீங்களா?"

"எல்லாரும் இல்ல. நான் குடிக்கிறேன்" என்றேன்.

"நாங்க குடிக்கலாமா?"

அந்த வாத்தியார் கல் கல்லாகத் தாண்டி வந்து குனிந்தது கண் முன்னால் வந்தது. அன்றைக்குச் சொல்லாத வார்த்தையை இன்றைக்குச் சொன்னேன்.

"வேண்டாம் தாயி. இது மாட்டுச்சுனை. நல்ல தண்ணி நீங்க தங்கியிருக்கிற எடத்துக்குள்ளதான் இருக்கு. நாவல் மரத்தடியில, சிமெண்டு மூடி போட்டிருப்பாங்க. அங்க போயிக் குடி."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புத்தகத்தைத்தான் நம்பினாள். கை நிறைய அள்ளிக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, என்னோடு சேர்ந்து ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனாள்.

நான் குடத்தின் வாயில் துணியைக் கட்டி முகந்தேன். துணி இல்லாமல் முகந்தால் அட்டை உள்ளே போய்விடும்.